ஜார் இரண்டாம் அலெக்சாண்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவை 1855 முதல் 1881 வரை ஆண்ட பேரரசர் இவர். 2 கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை ஒரே கையெழுத்தில் விடுவித்தார், கடைசியில் அந்த மக்களின் பெயரைச் சொல்லியே குண்டு வீசிக் கொன்றார்கள். இவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். தேதிகளைப் பற்றி ஒன்று: அப்போது ரஷ்யாவில் பழைய நாட்காட்டிதான் நடப்பு, இன்றைய நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியது. இங்கே எல்லாத் தேதியும் இன்றைய கணக்குப்படி.

பாரதியார் பாடிய ஜார் இவர்தானா?

இல்லை. அது இவருடைய பேரன் இரண்டாம் நிக்கோலஸ், 1917 புரட்சியில் முடியிழந்தவர். தாத்தா குண்டடிபட்டு அரண்மனையில் உயிர் பிரியும்போது அந்த நிக்கோலஸ் 12 வயதுச் சிறுவன், அதே அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜார் என்பதா, பேரரசர் என்பதா?

1721இல் மகா பீட்டர் பேரரசர் பட்டத்தை ஏற்றதிலிருந்து அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். ஆனால் மக்கள் வாயில் ஜார் என்ற சொல் போகவே இல்லை. இரண்டுமே சரி.

எப்படி வளர்ந்தார்?

1818 ஏப்ரல் 29 அன்று மாஸ்கோவில் கிரெம்ளினுக்குள் பிறந்தார். தந்தை முதலாம் நிக்கோலஸ், முழுக்க முழுக்க ராணுவ மனிதர். 1825 டிசம்பரில் அவர் பதவியேற்ற நாளிலேயே அதிகாரிகள் சிலர் அரசியலமைப்பு கேட்டுப் படையோடு தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கின் சதுக்கத்தில் வந்து நின்றார்கள். அன்று ஏழு வயது அலெக்சாண்டரைத் தூக்கிவந்து விசுவாசமான சிப்பாய்கள் கையில் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் தந்தை. ஆட்சி என்றால் என்ன என்று அந்தப் பையன் முதன்முதலில் கண்டது இப்படித்தான்.

ஆசிரியராக வாய்த்தவர் கவிஞர் வசிலி ஷுக்கோவ்ஸ்கி. மென்மையான மனிதர், நம் நளன் தமயந்தி கதையை ஜெர்மன் வழியாக ரஷ்ய மொழிக்குக் கவிதையாகக் கொண்டுவந்தவரும் இவரே. சட்டத்தை மதிக்கிறவன்தான் நல்ல அரசன் என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனதில் விதைக்கப் பார்த்தார். 1837இல் இளவரசர் ஏழு மாதம் நாடு முழுக்கச் சுற்றினார், ரோமானோவ் அரச குடும்பத்தில் சைபீரியாவுக்குப் போன முதல் ஆள் இவர். அங்கே 1825 கலகத்துக்காக நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவர்களைக் கண்டு, அவர்களுடைய தண்டனையைக் குறைக்கும்படி தந்தைக்கு எழுதினார்.

ஒரு பக்கம் தந்தை, ஒரு பக்கம் ஆசிரியர். வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டு பக்கமும் அவருக்குள் இழுத்துக்கொண்டே இருந்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆட்சிக்கு வந்தபோது நாடு எந்த நிலையில் இருந்தது?

தோற்றுக்கொண்டிருந்தது. பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி மூன்றும் சேர்ந்து எதிர்த்த கிரிமியப் போர் நடுவில் இருந்தபோது, 1855 மார்ச் 2 அன்று தந்தை இறந்தார். செப்டம்பரில் செவஸ்தோபோல் கோட்டை விழுந்தது. 1856 மார்ச்சில் பாரிஸில் உடன்படிக்கை, கருங்கடலில் போர்க்கப்பல் வைத்துக்கொள்ளக்கூட ரஷ்யாவுக்கு உரிமை இல்லாமல் போனது.

இத்தனைக்கும் போர் நடந்தது சொந்த மண்ணில். எதிரிகள் நீராவிக் கப்பலில் ஆளும் பீரங்கியும் கொண்டுவந்து இறக்கினார்கள். ரஷ்யாவுக்கோ கிரிமியா வரை ஒரு ரயில் பாதை கிடையாது, வெடிமருந்து மாட்டு வண்டியில் சேற்றில் போய்ச் சேர வேண்டும். சிப்பாய்களோ 25 ஆண்டுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பண்ணையடிமைகள். இப்படியே இருந்தால் வல்லரசாக நீடிக்க முடியாது என்பது புதிய பேரரசருக்குப் புரிந்துவிட்டது.

பண்ணையடிமை என்றால் அடிமையேதானா?

சட்டப்படி மண்ணோடு கட்டப்பட்ட குடியானவன். நடைமுறையில் வித்தியாசம் தேடுவது கடினம். வாரத்தில் பாதி நாள் பண்ணையார் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டுக்கு இவ்வளவு என்று குத்தகைப் பணம் கட்ட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1797இலேயே ஓர் ஆணை வந்திருந்தது, அதைக் கேட்டு நடந்தவர்கள் குறைவு. கல்யாணம் செய்யவும் அவர் அனுமதி வேண்டும். சவுக்கால் அடிக்கலாம், சைபீரியாவுக்கு அனுப்பலாம், பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம். 1850களில் தனியார் பண்ணைகளில் மட்டும் இப்படி ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் பேர் இருந்தார்கள். அரசு நிலத்தில் இருந்த குடியானவர்கள் தனி, அவர்களுக்கு 1866இல் வேறு சட்டம் வந்தது.

இரக்கத்தால் விடுவித்தாரா, பயத்தாலா?

இரண்டும் இருந்தது, பயத்தை அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1856 வசந்தத்தில் மாஸ்கோப் பிரபுக்களைக் கூட்டிவைத்து அவர் பேசியதன் சாரம் இது: பண்ணையடிமை முறை கீழிருந்து தானாக ஒழியத் தொடங்கும்வரை காத்திருப்பதைவிட மேலிருந்து நாமே ஒழித்துவிடுவது நல்லது.

பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. ஐந்து ஆண்டு குழு மேல் குழுவாக இழுத்தார்கள். தம்பி கான்ஸ்தந்தீன், சித்தி எலேனா பாவ்லோவ்னா, அதிகாரி நிக்கோலாய் மில்யூத்தின், தளபதி யாக்கோவ் ரொஸ்தோவ்த்செவ் ஆகியோர் விடாமல் தள்ளியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது. ஆனால் பேரரசரின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. இயல்பில் தயங்குகிற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பின்வாங்கவே இல்லை. 1861 மார்ச் 3 அன்று பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் கழித்து, பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, தேவாலயங்களில் வாசித்தார்கள்.

அப்படியானால் விவசாயிகள் ஏன் கொண்டாடவில்லை?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடியானவன் மனதில் ஒரு கணக்கு தலைமுறையாக இருந்தது: உடம்பு வேண்டுமானால் பண்ணையாருக்குச் சொந்தம், மண் எங்களுக்குச் சொந்தம். சட்டம் அதை நேர்த்தலைகீழாக்கியது. உடம்புக்கு விடுதலை உண்டு, மண் முழுவதும் பண்ணையாருடையது, வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்கு என்றது.

விலை எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். நிலத்தின் சந்தை மதிப்பை எடுக்கவில்லை. அவன் ஆண்டுதோறும் கட்டிவந்த குத்தகையை எடுத்து, அது ஆறு சதவீத வட்டியாக வர எவ்வளவு முதல் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு 6 ரூபிள் கட்டியவனுக்கு விலை 100 ரூபிள். முழுப் பங்கு நிலம் வாங்குகிறவனுக்கு அதில் 80ஐ அரசு பண்ணையாருக்குக் கடன் பத்திரமாகக் கொடுத்துவிடும், 20ஐ விவசாயி நேரே கொடுக்க வேண்டும். அரசு கொடுத்த 80க்கு ஆண்டுக்கு ஆறு சதவீதம் வீதம் 49 ஆண்டு கட்ட வேண்டும். அதாவது ஆண்டுக்கு 4 ரூபிள் 80 கோபெக், 49 ஆண்டுக்குப் பெருக்கினால் 235 ரூபிளைத் தாண்டும்.

மண் வளம் குறைந்த வட மாவட்டங்களில் குடியானவன் நகரத்துக்குப் போய்க் கூலிவேலை செய்து குத்தகை கட்டிவந்தான். அந்தப் பணத்தை வைத்து நிலத்துக்கு விலை போட்டால் என்ன அர்த்தம்? ஆளுக்கான விலையை நிலத்தின் பெயரில் வசூலித்தார்கள் என்றுதான் அர்த்தம். தெற்கே கரிசல் மண் பகுதியில் வேறு மாதிரி. அங்கே நிலம்தான் பொன், அதனால் விவசாயி அதுவரை உழுதுவந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பண்ணையார் வெட்டி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. பெரும்பாலும் மேய்ச்சலும் தண்ணீர்த்துறையும் காடும் அந்த வெட்டில் போயின. பணம் கட்ட முடியாதவன் முழுப் பங்கில் கால் பங்கை இலவசமாக வாங்கிக்கொண்டு ஒதுங்கலாம், அப்படி ஒதுங்கியவன் பிள்ளைகள் பிற்பாடு பட்டினி கிடந்தார்கள். பண்ணை வீட்டில் சமையலும் எடுபிடியும் செய்துவந்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை.

நிலமும் தனி ஆளுக்கு வரவில்லை, மீர் என்ற ஊர்க் கூட்டத்துக்குத்தான் போனது. ஒருவன் கட்டாவிட்டால் ஊரே சேர்ந்து கட்ட வேண்டும், எனவே ஊரின் சம்மதம் இல்லாமல் வெளியேறவும் முடியாது. பண்ணையாரிடமிருந்து விடுபட்டவன் ஊரோடு கட்டப்பட்டான்.

ஜார் முழு விடுதலை கொடுத்துவிட்டார், பிரபுக்கள்தான் உண்மையான காகிதத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று பல ஊர்களில் நம்பினார்கள். கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்ற ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அந்தோன் பெத்ரோவ் என்பவர் சட்டத்தைப் படித்து, அதில் முழு விடுதலை இருக்கிறது என்று சொல்ல, ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள். ஆயுதம் இல்லாத அந்தக் கூட்டத்தின் மேல் படை சுட்டது. 50 பேருக்கு மேல் செத்தார்கள், பெத்ரோவுக்கும் மரண தண்டனை. விடுதலைச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கடன் தவணை 1907இல்தான் ரத்தானது. அதற்கும் ஒரு புரட்சி, 1905 புரட்சி, தேவைப்பட்டது.

லிங்கனோடு ஒப்பிடலாமா?

காலம் ஒத்துப்போகிறது. லிங்கன் அதிபராகப் பதவியேற்றது 1861 மார்ச் 4, அலெக்சாண்டர் கையெழுத்திட்ட மறுநாள். அமெரிக்காவில் 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது, ரஷ்யாவில் அப்படி நடக்கவில்லை. ஆனால் அங்கே நிலமே கிடைக்கவில்லை, இங்கே நிலம் கடனோடு கிடைத்தது. எது மேல் என்று என்னால் ஒரு வரியில் சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் அடுத்த நூறு ஆண்டுத் துயரம் அந்த நிலக் கேள்வியிலிருந்துதான் கிளம்பியது.

வேறு என்ன சீர்திருத்தம் செய்தார்?

நிறைய. 1864இல் ஜெம்ஸ்த்வோ என்ற உள்ளூர் மன்றங்கள் வந்தன, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், அதில் விவசாயிக்கும் இடம். கிராமப்புறத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவரும் எட்டிப் பார்த்தது இவற்றால்தான். 1874இல் போர் அமைச்சர் திமித்ரி மில்யூத்தின் கொண்டுவந்த ராணுவச் சட்டப்படி பிரபு மகனும் பட்டாளத்துக்குப் போக வேண்டும், சேவைக் காலமும் 25 ஆண்டிலிருந்து ஆறாகக் குறைந்தது, அதன்பின் ஒன்பது ஆண்டு சேமப்படை. ரயில் பாதை அவர் வந்தபோது சுமார் 1,000 கிலோமீட்டர், போகும்போது 20,000ஐத் தாண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் துணிச்சலானது 1864 நீதிமன்றச் சட்டம். அதுவரை மூடிய அறையில் காகிதத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள். இப்போது திறந்த விசாரணை, வழக்கறிஞர், ஜூரி, பதவிநீக்க முடியாத நீதிபதி எல்லாம் வந்தன. 1878இல் அதற்கு ஒரு சோதனையும் வந்தது. தொப்பியைக் கழற்றாத ஒரு கைதியைச் சவுக்கால் அடிக்கச் சொன்ன தலைநகர ஆளுநர் த்ரெபோவைச் சுட்டுக் காயப்படுத்தினார் வேரா ஜசூலிச் என்ற இளம்பெண். சுட்டதை அவர் மறுக்கவே இல்லை, ஆனாலும் ஜூரி குற்றவாளி இல்லை என்றது! அரசு என்ன செய்தது? அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகளை ஜூரியிடமிருந்து எடுத்து, அடுத்து ராணுவ நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டது. கொடுத்ததைத் தன் கையாலேயே திரும்பப் பிடுங்குவது, இந்த ஆட்சி முழுக்க நடந்தது இதுதான்.

ரஷ்யர் அல்லாத மக்களை எப்படி நடத்தினார்?

இடத்துக்கு இடம் மாறும். 1863 ஜனவரியில் போலந்து எழுந்தது, இரக்கமில்லாமல் நசுக்கினார். வில்னாவுக்கு (இன்றைய வில்னியஸ்) அவர் அனுப்பிய மிகயீல் முராவியோவுக்குத் தூக்குக்கயிற்றுக்காரர் என்றே பெயர் விழுந்தது. உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதை 1863இல் கட்டுப்படுத்தி, 1876இல் பேரரசுக்குள் ஏறக்குறைய முழுதாகவே தடைசெய்தார். இசைக் குறிப்புக்குக் கீழே பாட்டு வரிகளைக்கூட அந்த மொழியில் அச்சிடக் கூடாது. ஆனால் அதே 1863இல் பின்லாந்தில் அரை நூற்றாண்டாகக் கூடாத மன்றத்தைக் கூட்டி, பின்னிஷ் மொழி ஆட்சிமொழியாக வழி திறந்துவிட்டார். தாய்மொழி ஒருவருக்கு என்ன என்று தெரிந்த எவருக்கும் உக்ரைன் ஆணையை மன்னிப்பது கஷ்டம், பின்லாந்தை உதாரணம் காட்டி அதை மறைக்கவும் முடியாது.

காகசஸ் மலையில் நடந்தது இன்னும் கொடியது. 1864இல் அங்கே போர் முடிந்தபோது லட்சக்கணக்கான சர்க்காசிய மக்களைக் கடலோரத்துக்குத் துரத்தித் துருக்கிக்குக் கப்பலேற்றினார்கள், வழியில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். விடுதலையளித்த ஜார் என்று புகழும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

அலாஸ்காவை ஏன் விற்றார்?

காக்க முடியாது என்பதால். பக்கத்திலேயே பிரிட்டிஷ் கனடா, மறுபடி போர் வந்தால் சும்மாவே போய்விடும். அங்கே உரோம வியாபாரம் செய்துவந்த கம்பெனியும் நொடித்திருந்தது, கருவூலமும் காலி. 1867இல் 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கியது, ஏக்கருக்கு இரண்டு சென்ட் அளவில். தங்கம் கிடைத்ததெல்லாம் பிற்பாடு. அன்றைய நிலையில் அது முட்டாள்தனமான விற்பனை இல்லை.

இந்தியாவோடு இவருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, ஆனால் பிரிட்டிஷ் இந்திய அரசு தூங்காமல் கிடந்தது இவரால்தான். 1865இல் தாஷ்கண்ட், 1868இல் சமர்கண்ட், 1873இல் கீவா, 1876இல் கோக்கந்த் என்று ரஷ்யப் படை மத்திய ஆசியாவில் தெற்கே இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்தது ஆப்கானிஸ்தான், அப்புறம் இந்தியா என்று லண்டனில் பயம். 1877–78 போரில் துருக்கியைத் தோற்கடித்து இவர் படை துருக்கித் தலைநகர் கான்ஸ்தாந்திநோபிள் வாசல் வரை வந்தபோது, பிரிட்டன் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 7,000 பேரை மால்டா தீவுக்குக் கப்பலேற்றியது. 1878 கடைசியில் இரண்டாவது ஆப்கன் போரும் மூண்டது. பல்கேரியா தனி நாடானதும் அந்தத் துருக்கிப் போரால்தான், சோஃபியா நகர மையத்தில் இன்றும் இவருக்குக் குதிரைமேல் சிலை இருக்கிறது.

இரண்டாவது மனைவி பற்றிச் சொல்கிறார்களே?

1841இல் ஜெர்மன் இளவரசி மரியாவைக் காதலித்தே மணந்தார், எட்டுக் குழந்தைகள். மூத்த மகன் நிக்கோலஸ் 1865இல் நீஸ் நகரில் 21 வயதில் இறந்ததிலிருந்து மரியா தேறவில்லை, காசநோயும் வாட்டியது. மறு ஆண்டு முதல் பேரரசருக்கு யெகத்தெரீனா தோல்கொருக்கொவாவோடு உறவு, அவர் 29 வயது இளையவர். பிள்ளைகளும் பிறந்தார்கள். கடைசியில் கொலைமுயற்சிகளைக் காரணம் காட்டி, நோய்ப்படுக்கையில் மனைவி கிடந்த அதே குளிர்கால அரண்மனைக்குள் இவர்களையும் குடிவைத்தார். 1880 ஜூனில் மரியா இறந்தார், ஜூலையில் யெகத்தெரீனாவோடு கல்யாணம். ஓர் ஆண்டு துக்கம்கூடக் காக்கவில்லை. பட்டத்து இளவரசர் கடைசிவரை அதை மனதார ஏற்கவில்லை.

எத்தனை முறை கொல்ல முயன்றார்கள்?

1866இல் கரக்கோசோவ் என்ற முன்னாள் மாணவர் பூங்கா வாசலில் சுட்டார். 1867இல் பாரிஸில் பெரெசோவ்ஸ்கி என்ற போலந்து இளைஞர். 1879 ஏப்ரலில் சலவ்யோவ் ஐந்து முறை சுட, பேரரசர் வளைந்து வளைந்து ஓடித் தப்பினார். அதே ஆண்டுதான் நரோத்னயா வோல்யா, அதாவது மக்கள் விருப்பம், என்ற ரகசிய அமைப்பு உருவானது. 1874 கோடையில் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளிடம் பேசிப்பார்த்துச் சிறைக்குப் போன தலைமுறையின் மிச்சம் அது. டிசம்பரில் மாஸ்கோவுக்கு அருகே ரயிலுக்குக் குண்டு வைத்தார்கள், வெடித்தது வேறு ரயில்.

1880 பிப்ரவரி 17 அன்று நடந்தது நம்ப முடியாதது. ஸ்தெபான் கல்தூரின் தச்சனாக அரண்மனைக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்து, டைனமைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து தான் தூங்கும் நிலவறையில் சேர்த்தார். மேலே சாப்பாட்டுக் கூடம். விருந்தாளி தாமதமாக வந்ததால் பேரரசர் இன்னும் மேசைக்குப் போகவில்லை. நடுத்தளத்தில் இருந்த காவல் சிப்பாய்கள் 11 பேர் செத்தார்கள். அவர்களும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான், மக்களுக்காக என்று குண்டு வைத்தவர்கள் அதற்கு என்ன பதில் சொன்னாலும் என் மனம் ஒப்பவில்லை.

கடைசி நாள் எப்படி நடந்தது?

1881 மார்ச் 13, ஞாயிறு. காவல்படை அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, உறவினர் வீட்டுக்கும் போய்விட்டு, கத்தரீன் கால்வாய்க் கரை வழியாகத் திரும்பினார். சதியின் தலைவர் ஜெல்யாபோவ் இரண்டு நாள் முன்புதான் பிடிபட்டிருந்தார், பொறுப்பை ஏற்ற சோஃபியா பெரோவ்ஸ்கயா கைக்குட்டையை அசைத்துச் சைகை காட்டினார். 19 வயது ரிசாக்கோவ் முதல் குண்டை வீசினான். வண்டி குண்டு தாங்கும் வகை, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கொடுத்தது, அதனால் பேரரசருக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே கிளம்பச் சொல்லி வண்டிக்காரர் கெஞ்சினார். இவரோ காயம்பட்டவர்களைப் பார்க்க இறங்கினார். அப்போதுதான் கிரினெவித்ஸ்கி இரண்டாவது குண்டைக் காலடியில் போட்டான். இரண்டு கால்களும் சிதைந்தன. பிற்பகல் 3:35க்கு அரண்மனையில் உயிர் பிரிந்தது, வீசியவனும் அன்றிரவே செத்தான். ஏப்ரலில் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் குண்டு செய்த கிபால்சிச், சிறையில் கடைசி நாட்களில் ராக்கெட்டால் பறக்கும் ஊர்தி ஒன்றை வரைந்துவைத்துவிட்டுப் போனார்.

அன்று காலை அரசியலமைப்பில் கையெழுத்திட்டார் என்பது உண்மையா?

பாதி உண்மை. உள்துறை அமைச்சர் லோரிஸ்-மெலிக்கோவின் திட்டத்துக்கு அன்று காலை ஒப்புதல் கொடுத்தார். அது நாடாளுமன்றம் ஆகாது, ஜெம்ஸ்த்வோக்களும் நகரங்களும் தேர்ந்தெடுத்த ஆட்கள் சட்ட வரைவுகளைப் பற்றி ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் முதல் படி அது. மகன் மூன்றாம் அலெக்சாண்டர் அதைக் கிடப்பில் போட்டு, மே மாதமே தனியாட்சியை அசைக்க விடமாட்டேன் என்று பிரகடனம் செய்தார். குண்டு வீசியவர்கள் எதிர்பார்த்த மக்கள் எழுச்சி வரவில்லை. தெற்கு மாகாணங்களில் யூதர்கள் மேல் தாக்குதல்தான் கிளம்பியது.

அவருடைய சமாதி எங்கே?

குண்டு வெடித்த இடத்தில் 1907இல் கட்டிமுடித்த தேவாலயம் இருக்கிறது, அவர் விழுந்த கல்தரை அதற்குள்ளேயே அப்படியே விடப்பட்டிருக்கிறது. உடல் பீட்டர்-பால் கோட்டைத் தேவாலயத்தில். மற்ற ஜார்களுக்கு வெள்ளைச் சலவைக்கல் பேழை, இவருக்கு மட்டும் பச்சை ஜாஸ்பர் கல், பக்கத்தில் மரியாவுக்கு இளஞ்சிவப்பு ரோடோனைட் கல். யெகத்தெரீனாவுக்கு அங்கே இடமில்லை. பிள்ளைகளோடு பிரான்ஸுக்குப் போய், 1922இல் நீஸ் நகரில் இறந்தார், கல்லறையும் அங்கேதான்.